முக்கோணம் சர்வசமம் என்று நிரூபிக்கப் போய் பதினாலாயிரம் ரூபாய் போன கதை

கோத்தகிரியில் தேயிலைத் தூள் பாக்கெட் போடும் யூனிட் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனது. ஏன் நின்றது என்பது பெரிய கதை, என் வயதுப் பெண்கள் பலருக்கும் அதே கதைதான், விட்டுவிடுகிறேன். முப்பதைத் தாண்டிய பிறகு யூனிட்டில் ஸ்டாக் பார்க்கும் பொறுப்பு காலியானது. பத்தாவது பாஸ், அதிலும் கணக்கு எடுத்துப் பாஸ் என்றால் உனக்கே தருகிறோம் என்றார்கள். அதற்காகத்தான் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தேன். மற்ற நான்கு பாடங்களும் எப்படியோ முட்டி மோதித் தேறிவிட்டன. கணக்கில் வடிவியல், வடிவியலில் இந்த ஒரே ஒரு பகுதி, இரண்டு முக்கோணம் சர்வசமம், அதாவது வடிவமும் அளவும் அச்சுப்போல ஒன்று என்று காட்டி அதிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம், இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம் என்று நிரூபிப்பது, அதில்தான் என் பணமும் தூக்கமும் கொஞ்சம் மானமும் போனது. முன்னாலேயே யாராவது உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதுக்கு ஐந்து பாடம் தேறினால் போதும், கணக்கு கட்டாயம் கிடையாது. உங்களுக்குச் சான்றிதழ் மட்டும்தான் தேவை என்றால் வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம், பதிவு செய்யும்போதே யோசித்து முடிவெடுங்கள். எனக்கு வேலைக்காகக் கணக்கு வேண்டியிருந்தது. அதோடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்குப் பிடித்த பாடம், அந்த வீம்பும் கொஞ்சம் உண்டு.

மேட்டுப்பாளையத்தில் ஒரு டுடோரியல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பெயர் வேண்டாம். எட்டாயிரம் ரூபாய் ஒரே தவணையில் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். சனிக்கிழமை வகுப்பு. கோத்தகிரியிலிருந்து கீழே இறங்க முப்பது கிலோமீட்டருக்கு மேல், வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்பதால் காலையில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போவேன். குளிரில் ஸ்வெட்டரோடு ஏறி, கீழே போனதும் அதைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அக்கா அக்கா என்று பேசுவார்கள். சார்தான் என்னைப் பார்த்தாலே பேச்சைச் சுருக்கிவிடுவார். "ஏம்மா, உங்களுக்கு எதுக்கு விளக்கமெல்லாம்? பத்துத் தேற்றம் தந்திருக்கேன், மனப்பாடம் பண்ணிட்டு வாங்க, பாஸாயிடலாம்" என்பார். அந்தப் பத்துத் தேற்றத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, அதற்குத் தனியாக ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பஸ் காசு, சனிக்கிழமைக் கூலி பிடித்தம், ஒரு தடித்த கைடு என்று எல்லாம் கூட்டினால் பதினாலாயிரம் வருகிறது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மளிகைக் கணக்கு நோட்டை அடிக்கடி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

தேர்வில் என்ன வந்தது என்றால், தாளில் இருந்த அதே தேற்றம்தான் வந்தது. எழுத்துகள் மட்டும் வேறு, படம் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இன்னொரு கணக்கில் முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, எது எந்த முக்கோணம் என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. மனப்பாடம் செய்தது அத்தனையும் நினைவில் இருந்தது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. தேற 33 சதவீதம் வேண்டும், எனக்கு அதற்கும் கீழே. ரிசல்ட் வந்த அன்று யூனிட்டில் எடை போட்டுக்கொண்டிருந்தேன், போனில் பார்த்துவிட்டு எடையைத் தொடர்ந்து போட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த எட்டாயிரம் ரூபாயை நினைத்து நினைத்து வந்த கோபம். இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பாடம் போனால் எல்லாம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். தேறிய பாடங்கள் அப்படியே இருக்கும், பதிவு செல்லுபடியாகும் ஐந்து வருடத்துக்குள் போன பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம்.

அதற்கப்புறம் டுடோரியல் பக்கம் போகவில்லை. என் மகள் எட்டாவது படிக்கிறாள், அவளுடைய புத்தகத்தையும், பக்கத்து வீட்டில் பரணில் கிடந்த பழைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார ஆரம்பித்தேன். திறந்தநிலைப் பள்ளிப் பாடங்களும் அவர்கள் தளத்தில் காசில்லாமலே கிடைக்கும், அது எனக்கு அப்போது தெரியும், ஆனால் நேரே பத்தாவது பாடத்தில் நுழைந்தால் தலை சுற்றுகிறது. சர்வசமம் ஏழாவது எட்டாவதிலேயே சின்னச் சின்னப் படங்களோடு இருக்கிறது. வெட்கப்படாமல் அங்கிருந்து ஆரம்பியுங்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டு புத்தகமும் அந்தத் தடித்த கைடைவிட மேல்.

முதல் வாரம் நோட்டையே தொடவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, சைக்கிள் வால்வ் டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் குச்சிமுனைகளைச் செருகி முக்கோணம் செய்தேன். அதே நீளத்தில் மூன்று குச்சி எடுத்து மகள் ஒன்று செய்தாள். எப்படித் திருப்பி வைத்தாலும் அவளுடையதும் என்னுடையதும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியது, பிடித்து இழுத்தாலும் கோணம் மாறவில்லை. நாலு குச்சியில் சதுரம் செய்தால் அது கையில் எடுத்ததுமே சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடுகிறது. மூன்று பக்கம் முடிவாகிவிட்டால் கோணங்களுக்குத் தனியாக ஒரு சுதந்திரமும் கிடையாது என்பதுதான் ப-ப-ப, அதாவது பக்கம்-பக்கம்-பக்கம் விதி. இது புரிந்தபிறகுதான் மீதியும் புரிந்தது. ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம் என்று ஆறு விவரம் இருக்கிறது. ஆறையும் சரிபார்க்க வேண்டியதில்லை, சரியான மூன்றைச் சரிபார்த்தால் மீதி மூன்றும் தானாகச் சமம். அந்த மீதி மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் கேள்வியில் கேட்கிறார்கள். இவ்வளவுதான் மொத்த விஷயமும். டுடோரியலில் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்த ஒரு வாக்கியம் என் காதில் விழவே இல்லை.

இப்போது எழுத்து விஷயம். புத்தகத்தில் ஆங்கில எழுத்து இருக்கும். நான் நோட்டில் தமிழ் எழுத்தாக மாற்றி எழுதிப் பழகினேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இதில் ஒரு லாபம் உண்டு: எழுத்தை மாற்றி ஒரு நிரூபணத்தைத் திருப்பி எழுத முடிகிறதா என்று பார்த்தாலே, புரிந்ததா மனப்பாடமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். முக்கோணம் கசட-வும் முக்கோணம் பமர-வும் சர்வசமம் என்று எழுதினால் அது வெறும் பெயர் இல்லை. முதல் எழுத்துக்கு முதல் எழுத்து ஜோடி, இரண்டாவதுக்கு இரண்டாவது, மூன்றாவதுக்கு மூன்றாவது. க-வுக்கு ப, ச-வுக்கு ம, ட-வுக்கு ர. இதை எழுதிவிட்டால் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டே விடை சொல்லலாம்: கச = பம, சட = மர, கட = பர, கோணம் ச = கோணம் ம. மகள்தான் இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "பேர்லயே விடை இருக்கும்மா, படத்தை ஏன் பாக்கறே?" என்றாள். ஆனால் வரிசையைக் கண்டபடி எழுதினால் அதே பெயர் பொய்யைச் சொல்லும், அந்தப் பொய்யை நாமும் நம்பி அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

எங்கே இது நடக்கும் என்று ஒரு இடம் காட்டுகிறேன். இணைகரம் கசடப என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கங்கள் சமம் என்று நிரூபிக்க வேண்டும். மூலைவிட்டம் கட போட்டால் இரண்டு முக்கோணம் கிடைக்கிறது. ஒன்று கசட. இன்னொன்றுக்கு என்ன பெயர் எழுதுவீர்கள்? கை தானாகக் கபட என்றுதான் எழுதும், ஏனென்றால் கட இரண்டுக்கும் பொது, க-வுக்குக் க, ட-வுக்கு ட என்று கண் சொல்கிறது. அப்படி எழுதினால் அடுத்த வரியில் கச = கப என்று வரும். அதாவது அடுத்தடுத்த பக்கங்கள் சமமாம். அப்படியானால் எல்லா இணைகரமும் சாய்சதுரம் என்று ஆகிவிடுமே! உண்மையில் சமமாக இருக்கும் கோணங்களைப் பாருங்கள். கச-வும் பட-வும் இணை, அதனால் கோணம் சகட-வும் கோணம் படக-வும் ஒன்றுவிட்ட கோணங்கள், இணைகோடுகளில் அவை சமம். அதாவது க-வில் இருக்கும் கோணத்துக்கு ஜோடி ட-வில் இருக்கிறது. அதேபோல் சட-வும் கப-வும் இணை என்பதால் கோணம் சடக-வுக்கு ஜோடி கோணம் பகட. நடுவில் கட பொது. கோ-ப-கோ, அதாவது கோணம்-பக்கம்-கோணம். ஆகவே கசட-வுக்குச் சர்வசமம் டபக. இப்போது பெயரைப் படியுங்கள்: கச = டப, சட = பக, கோணம் ச = கோணம் ப. எதிர்ப்பக்கம் எதிர்ப்பக்கத்தோடு வந்துவிட்டது. பொதுப் பக்கம் இருக்கிறது என்பதால் அதன் முனைகள் தமக்குத் தாமே ஜோடி என்று நினைக்கக் கூடாது, முனை மாறியும் பொருந்தலாம். சம கோணங்களை முதலில் பென்சிலால் குறித்துவிட்டு அப்புறம் பெயர் எழுதுங்கள்.

அடுத்தது, எந்த இரண்டு முக்கோணத்தை எடுப்பது. இதுதான் எனக்கு நாள்கணக்கில் இடித்தது. படத்தில் ஆறேழு முக்கோணம் இருக்கும், நான் கண்ணில் பட்டதை எல்லாம் சர்வசமம் என்று காட்டிக்கொண்டிருப்பேன், கேட்ட பக்கம் அதில் இருக்காது. தலைகீழாகப் போங்கள். கேள்வியின் கடைசி வரியில் என்ன நிரூபிக்கச் சொல்கிறார்களோ, உதாரணமாக கட = சப, அந்த இரண்டையும் கலர் பென்சிலால் அழுத்திக் கோடு போடுங்கள். கட பக்கமாக இருக்கும் முக்கோணங்கள் எவை, சப பக்கமாக இருக்கும் முக்கோணங்கள் எவை, அவற்றில் எந்த ஜோடிக்குத் தரவில் தந்த விவரம் உதவுகிறது. அந்த ஜோடியை எடுத்துத் தனித்தனியாக, ஒரே திசை பார்க்கும்படி ஓரத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஏறிக் கிடக்கும் முக்கோணத்துக்கு இதுதான் மருந்து. இன்னொன்று, கேட்டிருக்கும் சமத்தைச் சர்வசமத்துக்குக் காரணமாக எழுதிவிடக் கூடாது. கட = சப என்று நிரூபிக்கச் சொன்னால், சர்வசமம் என்று முடிக்கும்வரை கட = சப என்ற வரி நோட்டில் எங்கேயும் வரக் கூடாது. அந்த டுடோரியல் தாளில் இரண்டு தேற்றத்தில் அப்படித்தான் இருந்தது, பிறகு எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

கட = சப என்று சும்மா சொல்லவில்லை. செவ்வகம் கசடப-வின் இரண்டு மூலைவிட்டங்கள்தான் அவை. இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது. என் கொழுந்தனார் தச்சு வேலை செய்கிறவர். ஏழடிக்கு மூன்றடி கதவு நிலை ஒன்றைத் தரையில் படுக்கப்போட்டு மூலைக்கு மூலை டேப் பிடித்துக்கொண்டிருந்தார், இன்னொரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். ஒரு குறுக்கு ஏழடி ஏழரை அங்குலத்துக்கு மேல் வந்தது, இன்னொன்று அதைவிடக் கால் அங்குலம் குறைந்தது. நீளமாக வந்த குறுக்கின் மூலையில் ஒரு துண்டுக் கட்டை வைத்து, கொட்டாப்புளியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். திரும்ப டேப் பிடித்தோம். இரண்டும் ஒரே அளவு, ஏழடி ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். உடனே ஒரு ரீப்பரை, மெல்லிய மரச்சட்டத்தை, மூலையில் குறுக்கே வைத்து ஆணி அடித்துவிட்டார். "ரெண்டு குறுக்கும் ஒண்ணா இருந்தா மூலை மட்டம் அண்ணி, மூலைமட்டக் கருவியே வேண்டாம்" என்றார். ஏன் தம்பி என்றேன். "அது அப்படித்தான்" என்றார்.

அன்று ராத்திரி அது ஏன் அப்படி என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். செவ்வகமாக இருந்தால் குறுக்கு சமம் என்பது ஒரு பக்கம்: முக்கோணம் கசட, முக்கோணம் சகப. கச இரண்டுக்கும் பொது. கோணம் கசட-வும் கோணம் சகப-வும் செங்கோணம். சட-வும் கப-வும் எதிர்ப்பக்கங்கள், சமம். ப-கோ-ப, அதாவது பக்கம்-கோணம்-பக்கம். ஆகவே கட = சப. கவனியுங்கள், இங்கேயும் பொதுப் பக்கத்தின் முனைகள் மாறித்தான் பொருந்துகின்றன, க-வுக்கு ச, ச-வுக்கு க. கொழுந்தனார் செய்வது இதன் மறுபக்கம். அவருக்கு எதிர்ச் சட்டங்கள் சம நீளம் என்று தெரியும், குறுக்கும் சமம் என்று டேப் சொல்கிறது. அதே இரண்டு முக்கோணம் இப்போது ப-ப-ப-வில் சர்வசமம் ஆகின்றன. ஆகவே கோணம் கசட = கோணம் சகப. எதிர்ப்பக்கங்கள் சமமான நாற்கரம் இணைகரம், அதில் இந்த இரண்டு கோணமும் சேர்ந்து 180 பாகை, சமமான இரண்டு சேர்ந்து 180 என்றால் ஒவ்வொன்றும் 90. மூலை மட்டம்! மறுநாள் கொழுந்தனாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு இவ்வளவு எழுதணுமா" என்றார். ரீப்பர் எதற்கு என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மூலையில் ஒரு முக்கோணம் உண்டாகிவிட்டால் நிலை சாயாது என்பதை ஈர்க்குச்சி சொல்லியிருந்தது.

இனி இருசமபக்க முக்கோணத் தேற்றம். கச = கட என்றால் கோணம் ச = கோணம் ட என்று காட்ட வேண்டும். யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய நூலில் முதல் புத்தகத்தின் ஐந்தாவது தேற்றமே இதுதான், அவருடைய நிரூபணம் பக்கங்களைக் கீழே நீட்டி நீளமாகப் போகும். நமக்குச் சொல்லித்தருவது எளிது. க-விலிருந்து ஒரு கோடு கீழே இறக்கி சட-வை ப-வில் தொட வைக்கிறோம். அந்தக் கோட்டுக்கு நாம் ஒரே ஒரு நிபந்தனைதான் போடலாம். கோணம் க-வை இருசமமாக வெட்டும் கோடு என்று எடுத்தால்: கச = கட தரவு, கோணம் சகப = கோணம் டகப அமைப்பு, கப பொது, ப-கோ-ப. ப நடுப்புள்ளி என்று எடுத்தால் ப-ப-ப. கப செங்குத்து என்று எடுத்தால் செங்கோணம், கர்ணம் (செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்), பக்கம், அதாவது செ-க-ப. மூன்றில் எதை எடுத்தாலும் முக்கோணம் கசப-வும் முக்கோணம் கடப-வும் சர்வசமம், மற்ற இரண்டும் விளைவாகக் கிடைக்கும். கோண இருசமவெட்டி என்று எடுத்தவருக்கு சப = டப என்பதும், கோணம் கபச = கோணம் கபட என்பதும், அவை ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ஒவ்வொன்றும் 90 என்பதும் இலவசம். டுடோரியல் தாளில் என்ன இருந்தது தெரியுமா? "கோணம் க-வை இருசமமாக வெட்டி, அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைக." இரண்டு நிபந்தனையையும் ஒரே கோட்டின் தலையில் கட்டியிருந்தார்கள். கோண இருசமவெட்டி செங்குத்தாக விழும் என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம், வரையும்போதே கட்டளையிட முடியாது. எட்டாயிரம் வாங்கிக்கொண்டு இதைத் தந்திருக்கிறார்களே என்று அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

கோடே வரையாமல் ஒரு நிரூபணம் உண்டு, பாப்பஸ் என்ற பழைய கிரேக்கக் கணித அறிஞர் பெயரில் சொல்கிறார்கள். முக்கோணம் கசட-வை அதனோடேயே, ஆனால் திருப்பி, கடச என்று ஒப்பிடுங்கள். கச = கட. கட = கச. கோணம் க பொது. ப-கோ-ப. ஆகவே கசட-வும் கடச-வும் சர்வசமம், இரண்டாவது எழுத்துக்கு இரண்டாவது எழுத்து: கோணம் ச = கோணம் ட. முடிந்தது. முதலில் படித்தபோது ஏமாற்று வேலை போலத் தோன்றியது, இரண்டு மூன்று நாள் நம்பவே இல்லை. பிறகு ஒரு காகித முக்கோணத்தை வெட்டிப் புரட்டி அதே ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. எழுத்து வரிசைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. தேர்வில் புத்தக நிரூபணத்தையே எழுதுங்கள், இது உங்கள் சந்தோஷத்துக்கு.

எந்த மூன்று விவரமும் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. மூன்று கோணமும் சமம் என்றால் வடிவம் ஒன்று, அளவு வேறாகலாம், அது வடிவொத்த முக்கோணம். இரண்டு பக்கமும், அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும் என்றால் இன்னும் ஆபத்து. காம்பஸ் எடுத்து வரைந்து பாருங்கள்: க-வில் 30 பாகை, கச 10 செ.மீ., ச-வில் காம்பஸை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். அது க-விலிருந்து போகும் மற்றக் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். ஒரு முக்கோணத்தில் மூன்றாவது பக்கம் ஏறக்குறைய 12 செ.மீ., இன்னொன்றில் 5.3 செ.மீ. தந்த விவரம் ஒன்றுதான், முக்கோணம் இரண்டு. காம்பஸை 5 செ.மீ.க்குக் குறைத்தால் வில் கோட்டை ஒரே இடத்தில் தொட்டுவிட்டு நின்றுவிடும், அங்கே செங்கோணம் வரும். செ-க-ப மட்டும் ஏன் தனியாக அனுமதிக்கப்படுகிறது என்று எனக்கு விளங்கியது இந்தப் படத்தை வரைந்தபிறகுதான். ப-கோ-ப என்று எழுதும் முன்னால் கோணம் நிஜமாகவே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எதற்கு உதவும் என்று வீட்டில் கேட்டார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு தேலீஸ், கரையில் நின்றபடியே கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தை இந்த வழியில் கணக்கிட்டதாகப் பழைய உரை ஒன்று சொல்கிறது. நமக்குக் கப்பல் இல்லை, எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடை இருக்கிறது. எதிர்க்கரையில் ஒரு சில்வர் ஓக் மரம். அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் ஒரு குச்சி, அங்கிருந்து மரத்தைப் பார்க்கும் கோட்டுக்குச் செங்கோணமாக, கரையோரமாகப் பத்தடி நடந்து இரண்டாவது குச்சி, அதே நேர்கோட்டில் இன்னும் பத்தடி போய் மூன்றாவது. அங்கிருந்து ஓடைக்கு முதுகு காட்டிச் செங்கோணமாக நடந்து, இரண்டாவது குச்சியும் மரமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது குச்சியில் எதிரெதிராக உண்டாகும் குத்தெதிர்க் கோணங்கள் சமம், பத்தடியும் பத்தடியும் சமம், இரண்டு பக்கமும் செங்கோணம், கோ-ப-கோ. கடைசியாக நடந்த தூரம்தான் முதல் குச்சியிலிருந்து மரத்துக்கு உள்ள தூரம். மகளும் நானும் டேப்போடு இறங்கினோம். ஒரே சிக்கல், எங்கள் ஊரில் சமதரைக்கு எங்கே போவது? சரிவாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாப் புள்ளியும் ஒரே தளத்தில் இருந்தால் கணக்கு வேலை செய்யும், மேடும் பள்ளமுமாக இருந்தால்தான் தப்பும். நாங்கள் அளந்த இடத்தில் மூன்றாவது குச்சிக்கு அப்பால் கேரட் பாத்தி. பாத்திக்காரர் மேலிருந்து குரல் கொடுத்ததால் கடைசி இரண்டடியைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்துவிட்டோம்.

தேர்வுத் தாளில் எழுதும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சமத்துக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: தரவு, அமைப்பு, பொதுப் பக்கம், குத்தெதிர்க் கோணம், ஒன்றுவிட்ட கோணம். காரணம் இல்லாத வரியை நம்பி மார்க் எதிர்பார்க்காதீர்கள். மூன்று சமம் எழுதி, எந்த விதி என்று எழுதி, சரியான வரிசையில் சர்வசமம் என்று எழுதி, அப்புறம்தான் "சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள் சமம்" அல்லது "ஒத்த கோணங்கள் சமம்" என்ற வரி. இந்தக் கடைசி வரியை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், சர்வசமம் என்றதோடு முடிந்துவிட்டது என்று பேனாவை மூடிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு விடையே அந்த வரிதான்.

மலையில் இருப்பவர்களுக்காக இன்னொன்று. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மே ஒன்று, அக்டோபர் நவம்பர் ஒன்று. எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை கொட்டும், எந்த நேரம் எந்த வளைவில் மண் சரியும் என்று சொல்ல முடியாது. முதல் தடவை விடிகாலையில் கிளம்பியும், ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்து எடுக்கும்வரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்து, நனைந்த செருப்போடு கடைசி நிமிடத்தில் ஹாலுக்குள் நுழைந்தேன். அடுத்ததை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தேன். அவசரம் இல்லாதவர்கள் அப்படிச் செய்யுங்கள், முடியாதென்றால் முந்தின நாளே தேர்வு மையம் இருக்கும் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். பணம் கட்டுவது, ஹால் டிக்கெட் எடுப்பது எல்லாம் ஆன்லைனில் நாமே செய்யலாம், அதற்கென்று ஐந்நூறு ஆயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

ஏப்ரலில் எழுதியதில் கணக்கில் 58 வந்தது. ஸ்டாக் பொறுப்பு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது, அடுத்த காலியிடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எந்த டுடோரியலிலாவது சேரப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்னால் அவர்கள் தரும் தாளை ஒருமுறை கேட்டு வாங்கி இருசமபக்க முக்கோணத் தேற்றத்தைத் தேடுங்கள். "அமைப்பு" என்று போட்டிருக்கும் வரியை மட்டும் படியுங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு நிபந்தனை எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.